யாரும் எழுதாத ஆறு தடவை

அப்பாவை வீட்டுக்கு அழைத்துப் போகலாம் என்று டாக்டர் சொன்ன வாரத்தில்தான் எங்கள் வீட்டு மெயின் சுவிட்ச் விழ ஆரம்பித்தது.

அப்பாவின் நுரையீரல் பாதிக்கு மேல் களைத்துப் போய்விட்டது. மூன்று வாரம் மருத்துவமனையில் கிடந்து, தேறி, செவிலியரிடம் வம்பு பேசுகிற அளவுக்கு வந்திருந்தார். ஆனால் இனிமேல் ஆக்சிஜன் கொடுக்கும் இயந்திரம் ஒன்று அவர் கட்டிலுக்குப் பக்கத்தில் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். அது கரண்டில் ஓடுவது. கரண்ட் போனால் அவசரத்துக்கு ஒரு சிலிண்டரும் தருவார்கள். அதன் திருகைத் திறக்க நல்ல கைப்பிடி வேண்டும். பகலில் நான் பஸ் டிப்போவில் இருப்பேன், இவர் கண்ணாடிக் கடையில் லென்ஸ் பொருத்திக்கொண்டிருப்பார். வீட்டில் இருப்பது அத்தை மட்டும்தான். என் மாமியாருக்கு விரல் மூட்டெல்லாம் வீங்கி, பாட்டில் மூடியைத் திறக்கவே பக்கத்து வீட்டுப் பெண்ணைக் கூப்பிட வேண்டும்.

மருத்துவமனை கொடுத்த படிவத்தின் கடைசி வரியில், வீட்டு மின் இணைப்பு சீராக இருக்கிறது என்று ஒரு எலக்ட்ரீஷியன் கையெழுத்துப் போட வேண்டியிருந்தது. சனிக்கிழமை காலை பத்து மணிக்குள் அந்தப் படிவம் போய்ச் சேராவிட்டால், வெளியூரிலிருந்து காரோடு வரும் அண்ணன் அப்பாவைத் தன் ஊருக்குக் கூட்டிப் போவான். அவனும் அண்ணியும் வேலைக்குப் போகிறவர்கள். அதனால் அங்கே ஒரு முதியோர் இல்லத்தில் அறை பார்த்து வைத்துவிட்டான். இங்கிருந்து எட்டு மணி நேரப் பயணம்.

"எங்கே வேணா இருக்கேம்மா. எனக்கு என்ன, ஒரு கட்டில், ஒரு ஜன்னல்" என்றார் அப்பா, என் முகத்தைப் பார்க்காமல்.

சுவிட்ச் என்று சும்மா சொல்லிவிட்டேன். மெயின் பெட்டியில் பாதுகாப்புக்கென்று ஒன்று இருக்கிறதே, அது. கரண்ட் எங்காவது போகக்கூடாத வழியில் துளி கசிந்தாலும் பட்டென்று கீழே விழுந்து வீடு முழுவதையும் அணைத்துவிடும். மறுபடி மேலே தூக்கிவிட்டால் ஒன்றுமே நடக்காத மாதிரி எல்லாம் எரியும். நாள் முழுக்க எரியும். பிறகு, யாரும் எதையும் தொடாத நேரத்தில், திரும்பவும் பட்.

ஞாயிற்றுக்கிழமை அதிகாலை ஐந்து பத்துக்கு விழுந்தபோது ஒரு பழைய நோட்டை எடுத்து எழுத ஆரம்பித்தேன். விழுந்த நேரம் ஒரு பக்கம், தூக்கிய நேரம் ஒரு பக்கம். டிப்போவில் என் வேலையே அதுதான். டைம் கீப்பர். எந்த பஸ் எப்போது வந்தது, எப்போது போனது என்று கூண்டுக்குள் உட்கார்ந்து எழுதுவேன்.

"வீட்டுலயும் டூட்டி ஆரம்பிச்சாச்சா?" என்றார் இவர், தலையணையிலிருந்து முகத்தை எடுக்காமல்.

"நீங்க தூங்குங்க. உங்களுக்குக் கரண்ட் இருந்தா என்ன, இல்லாட்டி என்ன."

"இல்லாட்டி ஃபேன் ஓடாது."

அன்று மதியம் மூன்றேகாலுக்கு மறுபடி விழுந்தது. இவர் போய் டெஸ்டரைக் கூட்டி வந்தார்.

டெஸ்டர் என்பது எங்கள் தெரு எலக்ட்ரீஷியனுக்கு ஊர் வைத்த பெயர். பேனா செருகுகிறவர்கள் மாதிரி அவர் காதில் எப்போதும் டெஸ்டர் செருகியிருக்கும். ஒல்லியான ஆள், ஐம்பது வயது இருக்கும். மெயின் பெட்டியைத் திறந்ததும் நாடி பிடிக்கிற வைத்தியர் மாதிரி ஒரு நிமிடம் அதன் மேல் கை வைத்து நின்றார்.

"எத்தனை நாளா?"

"நாலு நாளா, அண்ணே. எப்ப விழும்னு சொல்லவே முடியல" என்றார் இவர்.

"காய்ச்சல் மாதிரி விட்டு விட்டு வருதா? அதுதான் தொல்லை. ஒரேயடியா செத்துப்போனா ஒரு நிமிஷத்துல சொல்லிடுவேன். இது டாக்டர் வந்தா எழுந்து உட்கார்ந்துக்கும்."

கைப்பிடியைச் சுற்றினால் ஊசி ஆடும் கறுப்புப் பெட்டி ஒன்று வைத்திருந்தார். வயரிலோ சாமானிலோ கசிவு இருந்தால் அந்த ஊசி பூஜ்யத்தை நோக்கிச் சாயும். மெயினை அணைத்துவிட்டு ஒவ்வொரு அறையாக, ஒவ்வொரு சாமானாகச் சுற்றிப் பார்த்தார். ஃப்ரிட்ஜ், வாஷிங் மெஷின், மிக்ஸி, இஸ்திரிப் பெட்டி எல்லாம் நல்ல பிள்ளைகளாக நின்றன. குளியலறை வாட்டர் ஹீட்டரில் மட்டும் ஊசி கொஞ்சம் தயங்கியது.

"இவன்தான்" என்று அதன் வயரைக் கழற்றிவிட்டு, சரியாக ஐந்து மணிக்கு மெயினைத் தூக்கினார். "ரெண்டு நாள் பாருங்க. விழாம இருந்தா வந்து கையெழுத்துப் போட்டுடறேன்."

"அவர் அறைக்கு மட்டும் தனி லைன் இழுத்துட்டா?" என்று கேட்டேன்.

"சுவரை உடைக்கணும், தங்கச்சி. வீட்டு ஓனரைக் கேக்கணும். ரெண்டு வாரம் ஆகும். உனக்குச் சனிக்கிழமை வேணும்."

திங்கட்கிழமை விழவில்லை. பச்சைத் தண்ணீரில் கத்திக்கொண்டே குளித்தோம். செவ்வாய் மதியம் வரையிலும் நோட்டில் எழுத ஒன்றுமில்லை. நான் மருத்துவமனைக்குப் போய் அப்பாவிடம், "கண்டுபிடிச்சாச்சுப்பா, வாட்டர் ஹீட்டர்தான்" என்று சொல்லிவிட்டு வந்தேன். அவர் தலையை மட்டும் ஆட்டினார். ஆனால் தலையணைக்குக் கீழிருந்து சீப்பை எடுத்து முடியைச் சீவிக்கொண்டார்.

செவ்வாய் இரவு ஏழு இருபதுக்கு, நாங்கள் மூன்று பேரும் கூடத்தில் இருக்கும்போது பட்.

இவர் எழுந்து போய்த் தூக்கிவிட்டார். விளக்கு வந்ததும் நான் அத்தையின் முகத்தைப் பார்த்தேன். அதில் ஆச்சரியமே இல்லை. ஏதோ தெரிந்த விருந்தாளி வந்துவிட்டுப் போனது மாதிரி உட்கார்ந்திருந்தார். எனக்குச் சுருக்கென்றது.

அப்பா இங்கே வந்து இருக்கப் போகிறார் என்று நான் சொன்ன நாளிலிருந்து அத்தை அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. வேண்டாம் என்றும் சொல்லவில்லை, வரட்டும் என்றும் சொல்லவில்லை. முன் அறையைக் காலி பண்ணிக் கொடுத்தார், அவ்வளவுதான். அந்த மௌனத்தை நான் தினமும் ராத்திரி படுக்கையில் எடுத்துப் புரட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன். நோயாளியைப் பார்த்துக்கொள்வது பாரம்தான். வாய்விட்டுச் சொன்னால் தேவலை. இவரும் இரண்டு நாளாக ஒரு மாதிரி இருந்தார். கண்ணெல்லாம் சிவந்து, கேட்டதற்கு மட்டும் பதில். ஒருவேளை அம்மாவும் பிள்ளையும் எனக்குத் தெரியாமல் பேசிக்கொண்டார்களோ?

புதன் மதியம் மூன்றரைக்கு விழுந்தது. டெஸ்டர் மறுபடி வந்தார். இம்முறை வாஷிங் மெஷினையும் வாசல் விளக்கையும் கழற்றினார். ஐந்து மணிக்கு மெயினைத் தூக்கினார். படிவத்தை நீட்டினேன்.

"தப்பா நினைக்காத, தங்கச்சி" என்றார். "உன் அப்பா மூச்சு விடறது இந்தக் கையெழுத்தை நம்பி. எனக்கே நம்பிக்கை இல்லாம எப்படிப் போடுவேன்? இன்னும் ஒரு நாள் பாரு."

அன்று சாயங்காலம் நானும் இவரும் மொட்டைமாடியில் துணி துவைத்தோம். கனமான போர்வை ஒன்றை ஆளுக்கு ஒரு முனையாகப் பிடித்து முறுக்கினோம்.

"உங்களுக்குக் கஷ்டமா இருந்தா சொல்லிடுங்க" என்றேன்.

"என்ன கஷ்டம்? போர்வையா?"

"அப்பா வர்றது."

முறுக்கிய கையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். பிறகு, "நல்லாப் பிழி, தண்ணி நிக்குது" என்றார்.

எனக்கு அழுகை வந்தது. போர்வையிலிருந்து தெறித்த தண்ணீர் மாதிரி துடைத்துக்கொண்டேன்.

வியாழன் காலை கூண்டில் உட்கார்ந்திருந்தேன். முந்தின நாள் வேறொருவர் எழுதிய தாளைச் சரிபார்க்கிற வேலை. மலையடிவாரம் போகிற பஸ் அரை மணிக்கு ஒன்று. தாளில் ஏழு, ஏழரை, எட்டு, அடுத்தது ஒன்பது என்று இருந்தது. எட்டரை வண்டி என்ன ஆயிற்று? ஓடாமல் இருக்காது. ஓடாமல் இருந்திருந்தால் ஒன்பது மணி வண்டியில் அத்தனை இடம் காலியாக இருந்திருக்காது. வண்டி வந்து போயிருக்கிறது. எழுதுகிறவர் தேநீர் குடிக்கப் போயிருப்பார். இடைவெளி சரியாக இரண்டு மடங்காக இருந்தால் நடுவில் ஒன்றை எழுத விட்டுவிட்டார்கள் என்று அர்த்தம். இது டிப்போவில் முதல் வாரமே கற்றுக்கொள்கிற சங்கதி.

சிவப்புப் பேனாவால் எட்டரை என்று எழுதினேன். எழுதிய கை அப்படியே நின்றது.

பையிலிருந்து வீட்டு நோட்டை எடுத்தேன். விழுந்ததிலிருந்து விழுந்தது வரை என்று பார்த்திருந்தேன், அதுதான் பிசகு. தூக்கியதிலிருந்து அடுத்த முறை விழுந்தது வரை பார்க்க வேண்டும். ஞாயிறு அதிகாலை தூக்கியதிலிருந்து மதியம் வரை பத்து மணி நேரம். ஞாயிறு மாலை ஐந்திலிருந்து செவ்வாய் ஏழு இருபது வரை ஐம்பது மணி நேரமும் கொஞ்சமும். அங்கிருந்து புதன் மூன்றரை வரை இருபது மணி நேரமும் கொஞ்சமும்.

பத்து, ஐம்பது, இருபது.

நடுவில் வண்டிகள் வந்து போயிருக்கின்றன. யாரும் எழுதவில்லை.

புதன் மாலை ஐந்திலிருந்து விரலை விட்டு எண்ணினேன். நான் எண்ணியது சரி என்றால் இன்று அதிகாலை மூன்று மணிக்கு ஒரு தடவை விழுந்திருக்க வேண்டும். அடுத்தது இன்று மதியம் ஒன்று ஐந்து வாக்கில்.

பக்கத்துக் கூண்டுக்காரரிடம் தாளைக் கொடுத்துவிட்டு அரை மணி முன்னதாகவே கிளம்பினேன். வழக்கமாக ஒன்றரைக்குத்தான் வீட்டுக்கு வருவேன். அன்று ஒன்றுக்கே வந்து, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, சொந்த வீட்டு வாசலில் திருடி மாதிரி நின்றேன். உள்ளே டிவி ஓடிக்கொண்டிருந்தது. யாரோ யாரையோ திட்டிக்கொண்டிருந்தார்கள். மணி ஒன்று நாலு. ஒன்று ஐந்து. ஒன்று ஆறு.

திட்டு பாதியில் நின்றது.

கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனேன். அத்தை அவசரமே இல்லாமல் சமையலறையிலிருந்து வந்தார். குட்டி முக்காலியை இழுத்து மெயின் பெட்டிக்குக் கீழே போட்டார். ஏறினார். குடையைத் தலைகீழாகப் பிடித்து, அதன் வளைந்த கைப்பிடியால் சுவிட்சை மேலே தள்ளினார். வெகுநாள் பழகிய கை.

"அத்தை!"

குடை கீழே விழுந்தது. நல்லவேளை, அத்தை விழவில்லை. நான் ஓடிப்போய் இடுப்பைப் பிடித்துக்கொண்டேன்.

"ஏம்மா, இப்படியா பயமுறுத்துவே! எலும்பு உடைஞ்சா உன் அப்பாவுக்குப் பக்கத்துக் கட்டில்ல என்னைப் போட வேண்டியதுதான்."

"எத்தனை தடவை, அத்தை?"

"எது?"

"குடை."

அத்தை முக்காலியிலிருந்து இறங்கி, அதன் மேலேயே உட்கார்ந்தார். விரல்களை ஒன்றோடொன்று கோத்துப் பிரித்தார்.

"மூணு. இது நாலாவது. திங்கக்கிழமை மதியம், செவ்வா காலையில, நேத்து விடியக்காலம் பால் காய்ச்சும்போது."

"ஏன் சொல்லல?" என் குரல் எனக்கே பிடிக்கவில்லை. அடக்கி வைத்ததெல்லாம் அதில் இருந்தது. "அப்பா வர்றது உங்களுக்குப் பிடிக்கலைன்னா நேரா சொல்லியிருக்கலாமே."

அத்தை நிமிர்ந்து பார்த்தார். கோபம் வரும் என்று நினைத்தேன். வரவில்லை. வாயைப் பொத்திக்கொண்டார்.

"அட பைத்தியமே! இதையா மனசுல வச்சுக்கிட்டுத் திரியறே? திங்கக்கிழமை நீ சிரிச்சுக்கிட்டே வேலைக்குப் போனே. மூணு வாரத்துல அன்னைக்குத்தான் நீ சிரிச்சுப் பாத்தேன். மதியம் இது விழுந்துச்சு. நீ வந்ததும் மொதல்ல இதைச் சொல்லணுமா? சரி, ஒரு தடவைதானேன்னு தள்ளிவிட்டேன். அப்புறம் செவ்வாக்கிழமை. மொதல்ல மறைச்சுட்டு ரெண்டாவதை எப்படிச் சொல்றது? ஒண்ணை மறைச்சா அது குட்டி போட்டுக்கிட்டே போகுது."

அந்த நேரத்தில்தான் இவர் மதியச் சாப்பாட்டுக்கு வந்தார். முக்காலி, குடை, அம்மா, நான் என்று ஒரு சுற்றுப் பார்த்தார். ஒன்றும் கேட்காமல் திரும்பி வாசலை நோக்கி நடந்தார்.

"எங்கே போறீங்க?"

"கடையில கண்ணாடியை மறந்துட்டேன்."

"மூக்கு மேலதான் இருக்கு. வாங்க உள்ளே. திங்கட்கிழமை அதிகாலை மூணு மணிக்கு என்ன நடந்துச்சு?"

இவர் முகம் போன போக்கைப் பார்த்து அத்தை சிரித்துவிட்டார். "நீயுமாடா?"

"உனக்கு எப்படித் தெரியும்?" என்றார் இவர் என்னிடம்.

"திங்கள் ராத்திரி பதினொண்ணு பத்து. இன்னைக்கு விடியக்காலம் மூணு மணி. சரியா?"

"நீ தூங்கிட்டிருந்தே!"

"நோட்டு தூங்கல."

இவர் நாற்காலியில் உட்கார்ந்தார். "ஃபேன் நின்னா எனக்கு முழிப்பு வந்துடும். எழுந்து தூக்கிவிட்டுட்டு வந்து படுத்துக்குவேன். உன்கிட்ட சொல்லணும்னுதான் இருந்தேன். நேத்து மாடியிலயே வாய் வரைக்கும் வந்துச்சு." கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஞாயித்துக்கிழமை ராத்திரிதான் நீ மூணு வாரத்துக்கப்புறம் குறட்டை விட்டுத் தூங்கினே. காலையில எழுப்பி, வாட்டர் ஹீட்டர் இல்லைடி, எல்லாம் வீண்னு சொல்ல மனசு வரல. இன்னும் ரெண்டு நாள்ல டெஸ்டர் அண்ணன் எப்படியாவது கண்டுபிடிச்சுடுவார்னு நினைச்சேன்."

"நான் குறட்டை விடமாட்டேன்."

"நானும் எதையும் மறைக்க மாட்டேன்."

மூன்று பேரும் சிரித்தோம். எனக்குச் சிரிப்போடு அழுகையும் வந்துவிட்டது. அத்தை தன் கையாலேயே என் கண்ணைத் துடைத்தார். வீங்கிய விரல்கள், ஈரமாக, கொத்தமல்லி வாசனையோடு.

ஞாயிற்றுக்கிழமையிலிருந்து விழுந்தது மொத்தம் பதினோரு தடவை. நோட்டில் இருந்தது நாலு. இப்போது என் கண்ணால் பார்த்த இந்தத் தடவை போக, யாரும் எழுதாதது ஆறு. அம்மாவும் பிள்ளையும் ஆளுக்கு மூன்றாகப் பங்கு போட்டுக்கொண்டு என்னைக் காப்பாற்றியிருக்கிறார்கள். அந்தக் கருணையில்தான் டெஸ்டர் இரண்டாவது முறையும் தப்பான சாமானைக் கழற்றி வைத்தார். வாட்டர் ஹீட்டர் பாவம்.

ஆறையும் எழுதினேன். நேரம் வரிசையாக விழுந்தது. ஒவ்வொரு தடவையும், தூக்கிவிட்டதிலிருந்து பத்து மணி நேரம் ஆனதும்.

"கரண்ட் வந்ததிலிருந்து பத்து மணி எண்ணிக்கிட்டு ஏதோ ஒண்ணு வேலை பண்ணுது" என்றேன். "நம்ம யாரும் சுவிட்ச் போடாம, தானா. என்னவா இருக்கும்?"

அத்தை முக்காலியில் நெளிந்தார்.

"என்ன அத்தை?"

"ஒண்ணுமில்லை."

"இன்னொண்ணு மறைக்கிறீங்களா?"

"மறைக்கல. சொல்ல வேண்டாம்னு இருந்தேன்." தரையைப் பார்த்துக்கொண்டே பேசினார். "மூணு தடவையும் நான் சமையல்கட்டுலதான் இருந்தேன். இப்பவும் அங்கேதான். விழறதுக்கு ஒரு நொடி முன்னாடி டிக்குனு ஒரு சத்தம் கேக்கும். ஃப்ரிட்ஜுல."

"அப்பவே சொல்லியிருக்கலாமே!"

"எப்படிச் சொல்வேன்? இந்த வீட்டுக்குக் குடி வந்தப்போ சம்பந்தி ஆசையா வாங்கிக் குடுத்தது. அவர் அங்கே மூச்சுக்குத் தவிச்சுக்கிட்டுக் கிடக்கார். உன் அப்பா வாங்கினதாலதான் அவரே இங்கே வர முடியலைன்னு உன்கிட்ட நான் சொல்லணுமா? நான் ஒண்ணு சொல்லப்போய், அது உன் காதுல வேற ஒண்ணா விழுந்தா? அதான் வாயையே திறக்கல."

அப்பாவைப் பற்றி அவர் பேசாமல் இருந்ததற்கும் அதுதான் காரணமா என்று நான் கேட்கவில்லை. கேட்க வேண்டியிருக்கவில்லை. எழுந்து போய் அவர் காலடியில் உட்கார்ந்தேன்.

டெஸ்டருக்கு ஃபோன் போட்டோம்.

"எத்தனை மணிக்கு விழும்னு சொல்லப் போறியா?" என்றார். "முப்பது வருஷமா இந்த வேலை பாக்கறேன். விழுந்தப்புறம் கூப்பிடுவாங்க. விழறதுக்கு நேரம் குறிச்சுக் கூப்பிடறது நீதான். உனக்கு வேலை டிப்போவிலயா, ஜோசியம் பாக்கற இடத்துலயா?"

"உங்களுக்கு எப்ப வசதி?"

"நாளைக்குக் காலையில எட்டு மணிக்கு விழச் சொல்லு. வந்துடறேன்."

அப்படியே செய்தோம். படுக்கப் போகும் முன், பத்து மணிக்கு, இவர் மெயினை அணைத்து உடனே தூக்கிவிட்டார். எண்ணிக்கை புதிதாகத் தொடங்கட்டும் என்று.

வெள்ளிக்கிழமை காலை ஏழே முக்காலுக்கெல்லாம் எங்கள் சமையலறை பஸ் நிறுத்தம் மாதிரி ஆகிவிட்டது. நான் மதிய ஷிஃப்டுக்கு மாற்றிக்கொண்டிருந்தேன். இவர் கடைக்குப் போகவில்லை. அத்தை முக்காலியைக் கொண்டு வந்து ஃப்ரிட்ஜுக்கு நேரெதிரே போட்டுக்கொண்டார். டெஸ்டர் ஃப்ரிட்ஜின் பக்கவாட்டில் காதை ஒட்டிக்கொண்டு நின்றார்.

எட்டு மணி. ஒன்றும் இல்லை.

"லேட்டா வருமோ?" என்றார் இவர்.

"எங்க டிப்போ வண்டியா இது, லேட்டா வர்றதுக்கு?" என்றேன். இது இல்லை என்றால் நாளை காலை அண்ணனின் காரில் அப்பா ஏறுவதைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டியதுதான். அதற்கு மேல் யோசிக்க முடியவில்லை.

எட்டு ஒன்று.

டிக்.

பட்.

விளக்கு அணைந்தது. ஃபேன் சுழன்று நின்றது. நாங்கள் நாலு பேரும் கைதட்டினோம். கரண்ட் போனதற்குக் கைதட்டிய குடும்பம் உலகத்திலேயே நாங்களாகத்தான் இருக்கும். இவர் என்னைத் தோளோடு சேர்த்து இழுத்துக்கொண்டார். பிறகு எதிரே அம்மா இருப்பது நினைவு வந்து கையை எடுத்தார். அத்தை கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கையும் களவுமா மாட்டினான்" என்றார் டெஸ்டர்.

ஃப்ரிட்ஜை இழுத்து, மேல் பகுதியின் உள்தகட்டைக் கழற்றினார். பனி உறையும் இடத்துக்குப் பின்னால் விரல் பருமனில் ஒரு கம்பி வளைந்து வளைந்து ஓடியது. உறைந்த பனியைக் கரைப்பதற்கான ஹீட்டர் அது என்று காட்டினார். ஒரு வளைவில் அதன் உறை வெடித்து, உள்ளே ஈரம் கோத்திருந்தது. அந்தக் கம்பியில் வைத்து அவர் கறுப்புப் பெட்டியைச் சுற்றியதும், ஊசி தயங்கக்கூட இல்லை. நேராகப் பூஜ்யத்தில் போய்ப் படுத்துக்கொண்டது.

"பத்து மணி நேரத்துக்கு ஒரு தடவை ஃப்ரிட்ஜே இதுக்குக் கரண்ட் விடும். மத்த நேரம் இது லைன்ல இருக்காது. நான் அன்னைக்குச் சோதிச்சப்போ திருடன் தூங்கிட்டிருந்தான். வெளியில நின்ன காவல்காரன் நாடியைப் பிடிச்சுப் பார்த்துட்டு நல்லவன்னு சொல்லிட்டுப் போயிட்டேன்." காதிலிருந்த டெஸ்டரை எடுத்துத் தலையைச் சொறிந்துகொண்டார். "தப்பு என்னோடதுதான். கரண்ட் போனா இதோட எண்ணிக்கையும் அழிஞ்சுடும். திரும்பவும் ஒண்ணிலிருந்து பத்து. எல்லாத்தையும் எழுதியிருந்தா ஒரே நாள்ல பிடிச்சிருக்கலாம்."

நாங்கள் மூன்று பேரும் ஆளுக்கு ஒரு பக்கம் பார்த்தோம்.

"கையெழுத்து?" என்றேன்.

"ஃப்ரிட்ஜ் பிளக்கைப் பிடுங்கியாச்சு. இப்ப மணி ஒன்பது. மெயினைத் தூக்கறேன். சாயங்காலம் ஏழு தாண்டட்டும். நானே வர்றேன்."

முட்டையும் தக்காளியும் பாலும் பக்கத்து வீட்டு ஃப்ரிட்ஜுக்குக் குடிபோயின. நான் லீவு சொல்லிவிட்டேன். அன்று பகல் எப்படிப் போனது என்று எனக்குத் தெரியாது. ஏழு மணிக்கு டெஸ்டர் வந்தார். வாட்டர் ஹீட்டரையும் வாஷிங் மெஷினையும் வாசல் விளக்கையும் திரும்ப இணைத்துவிட்டு, எல்லாவற்றையும் ஒரே சமயத்தில் ஓடவிட்டார். வீடே மாவு மில் மாதிரி இரைந்தது. ஏழு பத்து. ஏழரை. எட்டு. மெயின் பெட்டியில் அந்தச் சுவிட்ச் தன் பாட்டுக்கு மேலேயே நின்றது.

"பேனா இருக்கா, தங்கச்சி?"

அவர் கையெழுத்து கோழி கிறுக்கின மாதிரி இருந்தது. அதைப் போல அழகான கையெழுத்தை நான் பார்த்ததில்லை.

சனிக்கிழமை காலை ஒன்பதரைக்கு மருத்துவமனை வாசலில் அண்ணனைச் சந்தித்தேன். கார் டிக்கியில் அப்பாவுக்காக ஒரு புதுப் போர்வையும் சக்கர நாற்காலியும் வைத்திருந்தான். படிவத்தை நீட்டினேன். இரண்டு முறை படித்தான்.

"நிச்சயமாத் தெரியுமா?"

"எல்லாம் ஓட்டிப் பாத்தாச்சு. அத்தையே அறையைப் பெருக்கி, கட்டிலை ஜன்னல் பக்கம் திருப்பிப் போட்டுட்டாங்க."

அண்ணன் பெருமூச்சு விட்டான். அவனுக்கும் அந்த இல்லத்தில் அப்பாவைக் கொண்டு விட மனமில்லை என்பது அந்தப் பெருமூச்சில்தான் எனக்குப் புரிந்தது. "எட்டு மணி நேரம் அவர் முகத்தைப் பார்த்துக்கிட்டு எப்படி ஓட்டப் போறேன்னு நினைச்சுக்கிட்டே வந்தேன்" என்றான்.

மதியம் அப்பா எங்கள் முன் அறையில் இருந்தார். இயந்திரம் பூனை மாதிரி உறுமிக்கொண்டிருந்தது. வெள்ளைக் குழாய் மூக்குக்குக் கீழே. முடி வகிடு எடுத்துச் சீவியிருந்தது.

"உங்க ஃப்ரிட்ஜ் எங்களை என்ன பாடு படுத்திடுச்சு தெரியுமா, சம்பந்தி?" என்று அத்தை கதவோரம் முக்காலியைப் போட்டுக்கொண்டு ஆரம்பித்தார். எதையும் விடவில்லை. குடை, மூன்று மணி, கைதட்டல் எல்லாம்.

அப்பா மூச்சு வாங்க வாங்கச் சிரித்தார். "கடைக்காரன் பத்து வருஷம் உழைக்கும்னான்."

"பத்து மணி நேரம்னு சொல்லியிருப்பான். உங்க காதுல சரியா விழல."

நான் சிலிண்டரின் திருகை இன்னொரு முறை சோதித்துப் பார்த்தேன். பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கும் அதைத் திறக்கச் சொல்லிக் கொடுத்திருந்தோம். இவர் சுவரில் சாய்ந்தபடி நின்றுகொண்டே தூங்கிக்கொண்டிருந்தார். மூக்குக் கண்ணாடி நுனிக்கு இறங்கியிருந்தது. கழற்றி மேசையில் வைத்தேன். கண் திறக்காமலே என் விரலைப் பிடித்துக்கொண்டார்.

கூடத்தில் அண்ணன் அந்த இல்லத்துக்கு ஃபோன் பண்ணிக்கொண்டிருந்தான். "இல்லைங்க, அறை வேண்டாம். இல்லை, தள்ளிப் போடலைங்க. வேண்டவே வேண்டாம்."

அப்பா ஜன்னல் பக்கம் திரும்பிப் படுத்தார். தூங்கிவிட்டார் என்றுதான் நினைத்தேன்.

"டேய்" என்று கூடத்தை நோக்கிக் குரல் கொடுத்தார், கண்ணை மூடிக்கொண்டே. "கிளம்பும்போது கதவைச் சாத்திட்டுப் போடா. காத்து வருது."